கண்டிமலையின் கிரவல் வழிகள்

எமது பாட்டன்மார் காலத்தில் துவிச்சக்கரவண்டி வேலைக்குச் செல்வதற்கான வாகனமாக இருந்தது. இன்றோ அது மலையேறுவதற்கும் மனமகிழ்வதற்கும் உரிய துணையாகிவிட்டது. விடுமுறை நாட்களில், தடித்த டயர் பூட்டிய வண்டிகளில் தார் வீதியை விட்டு விலகி, தேயிலை மலைகளின் நடுவே வளைந்து செல்லும் கிரவல் பாதைகளை நாடுவோர் பெருகி வருகின்றனர். ஹந்தானைத் தேயிலை நூதனசாலையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன வழியாகச் சென்று நுவரெலியாப் பகுதியில் முடியும் 'பெக்கோ ட்ரெயில்' என்னும் நெடும்பாதை 22 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. அதன் நீளம் 300 கிலோமீற்றருக்கும் அதிகமாகும். இப்பாதைகளில் உலாவும் எமது வாலிபர்கள், இவற்றை வெட்டியவர் யார், எதற்காக வெட்டினர் என்பதை அறிந்திருத்தல் நன்று என்ற எண்ணத்தினாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கண்டி அரசர் காலத்தில் மலைநாட்டில் அகன்ற வீதிகள் இருக்கவில்லை. வீதி அமைக்கத் தெரியாமல் அவ்வாறு விட்டார்கள் என்று எண்ணலாகாது. குறுகிய காட்டுவழிகளே இராச்சியத்தின் கோட்டை மதில்களாக விளங்கின. 17 ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இங்கே சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரும், வழிகளை அகலமாக்க மன்னர் விரும்பவில்லை என்று எழுதியுள்ளார். உப்பும் கருவாடும் பாக்கும் பொதிமாடுகளின் முதுகில் ஏறியே மலைக்கு வந்து போயின. அப்பொதிமாட்டுக் கூட்டத்திற்குத் தவளம் என்று பெயர். தவலந்தென்ன என்ற ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் ஒலிக்கின்றது.

1815 ஆம் ஆண்டு கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. பிடித்த நாட்டைக் கையில் வைத்திருக்க வேண்டுமாயின் படையும் பீரங்கியும் விரைந்து செல்ல வழி வேண்டும் என்பதைத் தேசாதிபதி சேர் எட்வேட் பார்ன்ஸ் நன்குணர்ந்தார். அவர் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி கடுகண்ணாவை மலையைக் குடைந்து ஏறியது. அவ்வேலையை நடத்திய பொறியியலாளர் கப்டன் டோசன் 1829 இல் மறைந்தார். அவர் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்ட 125 அடிக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. ஆனால் அம்மலையில் பாறையை உடைத்துக் கல் சுமந்தவர்களுள் இராசகாரியம் என்ற பெயரிற் கூலியின்றி உழைத்த சிங்களக் கிராமவாசிகள் பலர். அவர்களின் பெயரைத் தாங்கிய கோபுரம் எதுவும் அங்கில்லை. இராசகாரியம் 1832 இல் நீக்கப்பட்டது. எனினும் 1848 ஆம் ஆண்டு வீதிச் சட்டம், வளர்ந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் வீதியில் உழைக்க வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்த வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கலகத்திற்கு இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று.

வீதியைத் தொடர்ந்து கோப்பி வந்தது. கோப்பியைத் தொடர்ந்து எம்மவர் வந்தனர். 1820 களில் கம்பளையிலும் பேராதனைப் பக்கத்திலும் தோன்றிய கோப்பித் தோட்டங்கள் சில பத்தாண்டுகளில் மலையெங்கும் பரவின. புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து தொழிலாளர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் தூரத்தை, மதவாச்சி, தம்புள்ளைக் காட்டுவழியே, குழந்தை குட்டிகளுடன் கால்நடையாகவே கடந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானோர் பலர். உயிருடன் வந்து சேர்ந்தோர் மாத்தளையில் இளைப்பாறி, மாரியம்மனை வணங்கி, மலையேறினர் என்பது வழிவழி வந்த செய்தி.

அவர்கள் மலைக்கு வந்து செய்த வேலைகளுள் பாதை வெட்டுதலும் ஒன்று. தோட்டத்துக் கிரவல் பாதையை ஊன்றிப் பார்ப்போர் அதன் அறிவுநுட்பத்தை உணர்வர். அது செங்குத்தாக ஏறுவதில்லை. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும். பாரமேற்றிய மாட்டுவண்டி மூச்சுத் திணறாமல் ஏறவும், வழுக்காமல் இறங்கவும் அச்சரிவு ஏற்றதாகும். மழைநீர் பாதையை அரித்துச் செல்லாதிருக்க மலையோரமாகக் கான் வெட்டி, இடையிடையே மதகு வைத்து, மேலே உடைத்த கல்லும் கிரவலும் பரப்பினர். இன்று துவிச்சக்கரவண்டி அப்பாதையில் இலகுவாக ஏறுகின்றதென்றால், அன்று மாட்டிற்காகப் பார்த்த சரிவே அதற்குக் காரணம்.

1867 ஆம் ஆண்டு இரு வகையிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலே புகையிரதம் கண்டியை வந்தடைந்தது. அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி படிப்படியாக அழிந்தது. ஆயினும் கோப்பிக்காக வெட்டிய பாதைகள் அழியவில்லை. அவற்றிற் பல தேயிலைக்குப் பயன்பட்டன.

இனி ஆங்கிலேயர் தம் நாட்டில் பழைய வழிகளை எவ்வாறு போற்றுகின்றனர் என்பதையும் நோக்குவோம். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் 'றிட்ஜ்வே' என்னும் 87 மைல் வழி உண்டு. மிகத் தொன்மையான அவ்வழியையும் வேறு பல மண்பாதைகளையும் இணைத்து, வின்செஸ்டர் நகரில் தொடங்கி அங்கேயே முடியும் 350 கிலோமீற்றர் துவிச்சக்கரவண்டிச் சுற்றுவழி ஒன்றை 2020 இல் வகுத்தனர். இது எவ்வாறு இயன்றது? பொதுமக்கள் நடக்கும் வழிகளையெல்லாம் படத்திற் குறித்துப் பதிய வேண்டும் என்று 1949 இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. குதிரை செல்லும் வழிகளில் துவிச்சக்கரவண்டியும் செல்லலாம் என்று 1968 ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. ஓர் ஒற்றையடிப் பாதையைக்கூடப் படத்திற் குறித்து வைத்ததனாலேயே அவர்களுடைய வழிகள் தலைமுறை கடந்து நிற்கின்றன.

எமது வழிகளின் நிலை வேறு. தோட்டத்திற்கு ஆங்கிலப் பெயர் ஒன்று. தொழிலாளர் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று. பாதைகளும் அவ்வாறே. இன்ன வளைவு, இன்ன கோயிலடி, இன்ன லயத்து இறக்கம் என்று முதியோர் சொல்லும் பெயர்கள் எந்தப் படத்திலும் இல்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியவராக வகுத்தது. அவ்வாறு கப்பலேறிச் சென்ற குடும்பங்கள் தாம் அறிந்த பாதைப் பெயர்களையும் உடன் கொண்டு சென்றன. இந்நாட்டிலேயே தங்கியோருள் எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஆனால் போன பெயர்களைச் சட்டத்தினால் மீட்க இயலாது.

எனினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 2023 ஆம் ஆண்டு, மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக, பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் கால்நடையாக நடந்து வந்தனர். முன்னோர் நடந்த வழியை மறவாதிருக்க அதுவொரு நல்ல முறை. மற்றொரு முறை எமது வாலிபர் கைகளில் இருக்கின்றது.

இளைஞர்களே, அடுத்த முறை ஹந்தானைக்கோ கலஹாவுக்கோ வண்டியில் ஏறிச் செல்லும்போது ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம், "இந்த வளைவுக்கு என்ன பேரு, பாட்டி?" என்று கேளுங்கள். சொன்ன பெயரையும், சொன்ன நாளையும், இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரியோர்களே, உங்களிடம் கேட்க வருபவரைக் காத்திராமல், அறிந்ததை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். டோசனுக்கு ஒரு கோபுரம் இருக்கின்றது. பெயரின்றி உழைத்தோருக்கு அவர்கள் இட்ட பெயர்களையேனும் நாம் காத்து வைப்போமாக.