எல்பின்ஸ்டன் பெயர் பூண்ட காட்டுப்புறா

புனா நகரை அடுத்த சாங்விக்குச் சிறிது தொலைவில் உள்ளது கட்கி. 1817-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் அங்கே பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் போர் மூண்டது. அக்காலத்தில் புனா தர்பாரில் ஆங்கிலேயரின் ரெஸிடெண்டாக இருந்தவர் மவுண்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டன். பின்னர் 1819 முதல் 1827 வரை பம்பாய் கவர்னராகவும் விளங்கினார். சரித்திரம் படித்தோர் இவற்றை அறிவர். ஆனால் அவர் பெயரைத் தாங்கிய பறவை ஒன்று நம் மலைகளில் இன்றும் வாழ்கிறது என்பதை அறிந்தோர் சிலரே.

தக்காணத்தில் புள்ளிவிவரம் திரட்டும் பணியில் அமர்ந்திருந்த சைக்ஸ் என்னும் இராணுவ அதிகாரி, 1832-இல் காட்டுப்புறா ஒன்றை உலகுக்கு அறிமுகம் செய்து, அதற்கு எல்பின்ஸ்டனின் பெயரைச் சூட்டினார். நாம் அதனை நீலகிரிக் காட்டுப்புறா என்கிறோம். அதன் பிடரியில் கறுப்பும் வெள்ளையும் சதுரங்கப் பலகைபோல் மாறிமாறி அமைந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதனைச் சார்ந்த சில குன்றுகளிலுமன்றி உலகில் வேறெங்கும் இப்பறவை இல்லை.

காட்டு மரங்களின் கனிகளே இதன் முக்கிய உணவு. விழுங்கிய கனியின் விதையை வேறிடத்தில் உதிர்த்து, காட்டுக்கே உழவனாகிறது. கூட்டில் இடுவது ஒரே முட்டை. ஆகவே குறைந்த தொகை மீண்டும் பெருகுவது எளிதன்று. சென்ற நூற்றாண்டுகளில் காபியும் தேயிலையும், அவற்றோடு யூகலிப்டஸும் சீகை மரமும் மலைச்சரிவுகளைக் கவர்ந்துகொண்டபோது, சோலைக் காடுகள் சுருங்கின. வேட்டைக்காரரின் துப்பாக்கியும் சேர்ந்துகொண்டது.

இதன் முடிவு எதுவாகலாம்? அமெரிக்காவில் பயணப்புறா என்ற இனம் ஒருகாலத்தில் வானை மறைத்துப் பறந்தது. அதுவும் ஒரே முட்டை இடும் பறவையே. கோடிக்கணக்கில் இருந்த அவ்வினத்தின் கடைசிப் பறவை, 1914 செப்டம்பர் 1-ஆம் நாள் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் மடிந்தது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்க வழி செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை யுனெஸ்கோ 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. எனினும் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இப்புறாவை அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களுள் ஒன்றாகவே வைத்துள்ளது. சட்டம் துப்பாக்கியைத் தாழ்த்தலாம். வெட்டிய மரத்தை முளைக்க வைக்காது. எஞ்சிய சோலைகளைக் காப்பதும், இழந்த இடங்களில் நாட்டு மரங்களை மீண்டும் வளர்ப்பதுமே இதற்குரிய மருந்து.

மகாராஷ்டிரத்தின் மாநிலப் பறவை பச்சைப்புறா. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா. எல்பின்ஸ்டன் பெயர் கொண்ட இம்மூன்றாம் புறாவுக்கு அத்தகைய பட்டம் ஏதும் இல்லை. அது வேண்டுவது பட்டமன்று, கனி தரும் காடு. அக்காட்டை நிலைநிறுத்துவது மலைத்தொடரைப் பங்கிட்டுக்கொண்ட மாநிலங்கள் யாவற்றுக்கும் பொதுவான கடமையாகும்.