டிரெசரும் சட்டமும்

மலாயாவின் கோலசிலாங்கூர், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டார ரப்பர் தோட்டங்களில் நோயாளியை முதலில் பார்த்தவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். தமிழர்கள் டிரெசர் என்றழைத்த மருத்துவ உதவியாளர். மருத்துவர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர், வந்துபோகிறவர். காயத்துக்குக் கட்டு, மலேரியாவுக்குக் கொயினா, யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்ற முடிவு எல்லாம் டிரெசர் கையில். காய்ச்சல்காரர் பால்வெட்டுக்குப் போகலாமா என்பதற்கும் அவர் சொல்லே கணக்கு. ஆனால் 1912, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் தோட்ட மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாகவே வகுத்தன. தாதியர் பதிவுக்கான சட்டம் 1950இல் வந்தது; தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் 1965இல்தான் வந்தது. லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) உயிர்களுக்கு இந்தப் பதினைந்து ஆண்டு இடைவெளி சிறியதல்ல.

சம்பளமும் வீடும் தோட்ட நிர்வாகியான துரையிடம் பெறுகிற ஊழியர்மேல் பதிவின் மூலம் தனிப்பொறுப்பைச் சுமத்துவது அநியாயம் என்று வாதிடலாம். மருந்தும் கட்டிலும் போதாத இடத்தில் குற்றம் நிர்வாகத்துடையது என்பது உண்மை. முதலாளியின் கடமையைப் பதிவு ஒருபோதும் அழித்துவிடக்கூடாது. ஆனாலும் பதிவில்லாத டிரெசர் வெறும் தோட்டச் சிப்பந்தி. காய்ச்சலில் நடுங்குபவரை வேலைக்கு அனுப்பச் சொன்னால், மறுப்பதற்கு அவருக்குத் தொழில் சார்ந்த பிடிமானம் எதுவும் இல்லை. பதிவு பெற்றவரோ தன் தகுதிக்குப் பதில் சொல்லவேண்டியவர், அதனாலேயே மறுத்துப் பேசவும் கூடியவர். பெரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) நின்ற நோயாளிக்குத் தேவைப்பட்டவர் அத்தகைய டிரெசர்தான்.