எதைக் கழித்தார்கள், எதை விட்டுவைத்தார்கள்



இசைக்கருவிக் கடையில் விலை குறைந்த கிட்டார் ஒன்றைக் கையில் எடுப்பவருடைய மனத்தில் முதலில் எழுவது, "இதில் எதைக் குறைத்திருக்கிறார்கள்?" என்ற ஐயமே. நியாயமான ஐயந்தான். விலை குறைந்திருக்கிறதென்றால், எங்கோ ஏதோ ஒன்று கழிக்கப்பட்டிருக்கிறது. கழிக்கப்பட்டது அலங்காரமா, கருவியின் உயிரா என்பதை வெளித்தோற்றத்தைக் கொண்டு அறிவது எளிதன்று. அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொன்ன ஒரு கருவியின் வரலாற்றை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ நகரிலிருந்து கிப்சன் நிறுவனம் 1954இல் வெளியிட்ட 'லெஸ் பால் ஜூனியர்' என்னும் மின்கிட்டாரே அது.

இளையவனைப் பற்றிச் சொல்லுமுன் மூத்தவனைப் பற்றிச் சொல்லவேண்டும். 1915இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த லெஸ் பால், தம் காலத்தில் பெயர்பெற்ற கிட்டார் கலைஞர். உள்ளீடற்ற உடலைக் கொண்ட கிட்டாரின் ஒலியை மின்பெருக்கியால் கூட்டும்போது, உடலும் சேர்ந்து அதிர்ந்து ஊளையிடும். இதற்குத் தீர்வு தேடிய அவர், 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கிலிருந்த எபிபோன் தொழிற்சாலையில், வேலை நடைபெறாத ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி பெற்று ஒரு கருவியைச் செய்தார். நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலமான ஒரு கட்டை, அதன்மேல் கம்பிகள், கம்பிகளின் அதிர்வை மின்னலைகளாக மாற்றும் பிக்கப்கள், அவ்வளவுதான். அதற்கு 'கட்டை' என்றே பெயரிட்டார். அதை வாசித்தபோது கேட்டவர்கள் மகிழவில்லை என்றும், சாதாரணக் கிட்டார் ஒன்றை அறுத்து அதன் இரு பக்கங்களையும் சிறகுகளைப்போல் ஒட்டிய பின்னரே கைதட்டினார்கள் என்றும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒலி மாறவில்லை, பார்த்தவர்களின் கண்கள்தாம் சமாதானமடைந்தன. கிட்டாரின் வரலாற்றில் இதைவிட எனக்குப் பிடித்த நிகழ்ச்சி வேறில்லை.

அந்தக் கட்டையை ஏற்க மறுத்த கிப்சன், 1950இல் லியோ ஃபெண்டர் திண்மரக் கிட்டார்களை விற்கத் தொடங்கிய பிறகே மனம் மாறியது. 1952இல் லெஸ் பாலின் பெயர் தாங்கிய மாதிரி 210 டாலர் விலையில் வந்தது. மகோகனி மரத்தின்மேல் குடைந்து வளைத்த மேப்பிள் மேற்பலகை, அதன்மேல் பொன்னிறப் பூச்சு, ஓரமெங்கும் வெண்பட்டை, விரற்பலகையில் முத்துப்போல் மின்னும் பதிப்புகள், இரண்டு பிக்கப்கள் எனக் கண்ணுக்கும் காதுக்கும் விருந்தாக அமைந்த கருவி அது.

அந்நாளில் அமெரிக்க நடுவண் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். அந்தக் கூலிக்கு உழைப்பவர், வாரம் 40 மணி நேரம் வீதம் ஏழு வாரங்கள் வேலை செய்து, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால்தான் அந்தக் கிட்டாரை வாங்கமுடியும். 1954இல் கிப்சன் இரு திசைகளில் நகர்ந்தது. பொன்முலாம் பூசிய உலோகப் பாகங்களோடு கருநிறத்தில் 'கஸ்டம்' என்ற விலையுயர்ந்த மாதிரி ஒருபுறம். 99 டாலர் 50 சென்ட் விலையில் 'ஜூனியர்' மறுபுறம். ஏழு வார உழைப்பு மூன்று வாரத்துக்குச் சற்று மேற்பட்டதாகக் குறைந்தது.

எதைக் கழித்தார்கள்? மேப்பிள் மேற்பலகை இல்லை. மகோகனிப் பலகை தட்டையாகவே விடப்பட்டது. உடலைச் சுற்றிய வெண்பட்டை இல்லை. முத்துப் பதிப்புக்குப் பதிலாகச் சிறு புள்ளிகள். தலைப்பகுதியில் நிறுவனத்தின் பெயர் இழைக்கப்படாமல் அச்சிடப்பட்டது. இரண்டு பிக்கப்களுக்கு ஒன்று, நான்கு திருகுகளுக்கு இரண்டு. கம்பிகளைத் தாங்கும் பாலமும் அவற்றை இழுத்துப்பிடிக்கும் பகுதியும் ஒரே உலோகத் துண்டாக இருந்தன. இதில் ஒரு குறையும் உண்டு: ஒவ்வொரு கம்பியின் சுருதியையும் தனித்தனியே துல்லியமாகத் திருத்த இயலாது. வாசிப்பவர் விரலழுத்தத்தால்தான் அதைச் சரிக்கட்டவேண்டும்.

விட்டுவைத்தவற்றையும் பாருங்கள். மரம் அதே மகோகனி. ஃபெண்டர் கருவிகளில் கழுத்து திருகாணியால் முடுக்கப்பட்டிருந்தது. ஜூனியரிலோ, விலையுயர்ந்த மாதிரிகளைப்போலவே உடலோடு பசையிட்டு இணைக்கப்பட்டது. பிக்கப், மூத்தவனிடம் இருந்த அதே பி-90 வகை. செய்யப்பட்ட இடமும் அதே கலமசூ தொழிற்சாலைதான். கம்பியின் அதிர்வு நீளமும் 24¾ அங்குலமாகவே இருந்தது. இரண்டாண்டுகளுக்குப் பின் ஃபெண்டர் தன் மாணவர் கிட்டார்களான மியூசிக்மாஸ்டரையும் டூவோ-சானிக்கையும் வெளியிட்டபோது, அந்த நீளத்தை 22½ அங்குலமாகக் குறைத்தது. சிறு விரல்களுக்கு அது உதவியதை மறுக்கவில்லை. ஆயினும், காசு இல்லாதவர் வேறு, கை சிறியவர் வேறு அல்லவா? கிப்சனும் பின்னர் முக்கால் அளவில் ஒரு ஜூனியரைச் செய்தது. ஆனால் வளர்ந்தவருக்கான முழு அளவுக் கருவியை நிறுத்திவிடவில்லை.

மூத்தவனும் இளையவனும் சந்தையில் கண்ட நிலையும் வியப்புக்குரியது. 1955இல் பொன்னிற லெஸ் பால் ஆயிரத்தை எட்டவில்லை. ஜூனியரோ அவ்வாண்டில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. இன்று சேகரிப்பாளர்கள் பெருந்தொகை கொடுத்துத் தேடும் 1958 முதல் 1960 வரையிலான மூத்த மாதிரி, விற்பனை மந்தமானதால் நிறுத்தப்பட்டது. இடையில் வெளிர்மஞ்சள் நிறத்தில் 'டிவி' என்னும் மாதிரியும், இரண்டு பிக்கப்களோடு 'ஸ்பெஷல்' என்னும் மாதிரியும் பிறந்தன. 1958இல் ஜூனியரின் உடல் இருபுறமும் வெட்டப்பட்ட வடிவம் பெற்றது. 1961இல் அந்த வடிவமும் போய், எஸ்ஜி என இன்று அறியப்படும் மெல்லிய உடல் வந்தது.

1957இல் மூத்த மாதிரிக்கு இரைச்சலை அடக்கும் இரட்டைச்சுருள் பிக்கப் கிடைத்தது. ஜூனியருக்கு அது தரப்படவில்லை. பழைய ஒற்றைச்சுருள் பி-90 இரைந்துகொண்டே இருந்தது. மலிவுக்காக விடப்பட்ட அந்த முரட்டுக் குரலைத்தான் அடுத்த தலைமுறை தேடி வந்தது. 'மவுண்டன்' குழுவின் லெஸ்லி வெஸ்ட், 1969ஆம் ஆண்டின் உட்ஸ்டாக் திருவிழாவில் பெருங்கூட்டத்தின்முன் வாசித்தவர். மாணவர் கருவியாகிய ஜூனியரே அவருடைய அடையாளமாயிற்று. நியூயார்க் டால்ஸ் குழுவின் ஜானி தண்டர்ஸ், லண்டனின் கிளாஷ் குழுவைச் சேர்ந்த மிக் ஜோன்ஸ் போன்றவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது பிக்கப்புக்காகக் குடையப்படாத மரமும், இரண்டாவது காந்தத்தின் இழுப்பில்லாத கம்பியும் இன்னும் தாராளமாக அதிர்கின்றன என்பது ஜூனியரை வாசிப்பவர்கள் பலருடைய உறுதியான நம்பிக்கை. அளவிட்டு மெய்ப்பிக்கக்கூடியது எவ்வளவு, அன்பினால் கேட்பது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் முன்வரமாட்டேன்.

கிரீன் டே குழுவின் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், 1956இல் செய்யப்பட்ட ஜூனியர் ஒன்றை வாங்கி, அதற்கு 'ஃபிளாய்ட்' என்று பெயரிட்டு மேடைதோறும் எடுத்துச் சென்றார். 2006இல் கிப்சன் அந்தக் கருவியைப் பின்பற்றி, அவர் பெயரிலேயே புதிய ஜூனியர் ஒன்றை வெளியிட்டது. தட்டைப் பலகை, சிறு புள்ளிகள், ஒரே பிக்கப், ஒரே துண்டான பாலம் ஆகிய அனைத்தையும் பழையபடியே வைத்தார்கள். ஆனால் பி-90 இருந்த இடத்தில், அதே தோற்றத்துக்குள் சுருளின்மேல் சுருளாக இரண்டை அடுக்கி, அந்தப் பழைய இரைச்சலை மட்டும் அடக்கிவிட்டார்கள்.