அப்பமாதம்: புத்தரின் இறுதி அறிவுரையும் அதன் வரலாறும்

அப்பமாதம் என்பது, சோர்வும் மறதியும் இன்றி எப்போதும் கருத்தோடு இருத்தலைக் குறிக்கும் பாலி மொழிச் சொல்லாகும். சமஸ்கிருத பௌத்த நூல்கள் இதனை அப்பிரமாதம் என வழங்குகின்றன. 'பமாதம்' என்றால் கவனக்குறைவு, அசட்டை. அது இல்லாத நிலையே அப்பமாதம். தமிழில் இதற்கு நெருங்கிய பழஞ்சொல் 'பொச்சாவாமை'. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் இப்பெயரையே உடையது. பாலியிலும் தமிழிலும் இச்சொல் எதிர்மறையாகவே அமைந்துள்ளது. மனிதரிடம் இயல்பாகக் காணப்படும் குறையை முதலில் சொல்லி, பின்னர் அதனை மறுக்கிறது.

குசிநகரத்தில் நிகழ்ந்தவை

புத்தர் தமது 80ஆம் வயதில், மல்லர்களின் ஊரான குசிநகரத்தில் இரண்டு சால மரங்களுக்கு இடையே மறைந்தார். அந்த இறுதி நாள்களைத் தீக நிகாயத்தின் 16ஆம் சூத்திரமான மகாபரிநிப்பான சூத்திரம் விரிவாகக் கூறுகிறது. தமக்குப்பின் சங்கத்தை நடத்த அவர் யாரையும் தலைவராக நியமிக்கவில்லை. தாம் போதித்த தம்மமும் விநயமுமே இனி ஆசிரியர் என்றார். தோன்றியவை யாவும் அழியும் இயல்புடையவை என்பதை நினைவூட்டி, அப்பமாதத்தோடு முயன்று குறிக்கோளை நிறைவேற்றுமாறு துறவிகளுக்குச் சொன்னதே அவரது இறுதி அறிவுரையாகும்.

அந்த அறிவுரைக்கு உடனே சோதனை வந்தது. மறைவுச் செய்தி ஏழு நாள்களுக்குப்பின் மகாகாசியபருக்கும் அவருடன் வந்த துறவிகளுக்கும் வழியில் கிடைத்தது. பலர் அழுது புலம்பினர். முதுமையில் துறவு பூண்ட சுபத்தர் என்பவரோ, இது செய்யலாம், இது செய்யலாகாது என்று கண்டிப்பதற்கு இனி ஆள் இல்லை. விரும்பியபடி நடக்கலாம் என்று அவர்களைத் தேற்றினார். பமாதம் எத்தகையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. போதனை சிதைந்துபோகும் ஆபத்தை உணர்ந்த மகாகாசியபர் இராசகிருகத்தில் 500 துறவிகளைக் கூட்டினார் என விநய பிடகம் கூறுகிறது. அங்கு உபாலி விநயத்தையும் ஆனந்தர் தம்மத்தையும் எடுத்துரைத்தனர். இதுவே முதல் பௌத்த சங்கம் எனப்படுகிறது.

யானையின் அடிச்சுவடு

நல்ல மனப்பண்புகளைப் பௌத்த நூல்கள் 'குசலம்' என்கின்றன. இன்று தமிழில் இச்சொல் நலம் விசாரிப்பதோடு நின்றுவிட்டது. பௌத்தத்தில் அது பேராசை, வெறுப்பு, மயக்கம் ஆகிய மூன்றிலிருந்தும் நீங்கிய மனநிலையையும் செயலையும் குறிக்கும்.

குசலப் பண்புகள் பல இருக்க, அவற்றுள் முதன்மையானது அப்பமாதமே என்கிறது அங்குத்தர நிகாயம். அதற்குத் தரும் உவமைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. காட்டு விலங்குகளின் அடிச்சுவடுகள் யாவும் யானையின் சுவட்டுக்குள் அடங்கும். வீட்டுக் கூரையின் கைமரங்கள் யாவும் முகட்டை நோக்கியே சாய்ந்து அங்கே ஒன்றுசேரும். இம்மையிலும் மறுமையிலும் நன்மை தரும் ஒரே பண்பு உண்டா என்று கோசல மன்னன் பசேனதி கேட்டபோதும், புத்தர் அப்பமாதத்தையே கூறி யானைச் சுவட்டு உவமையைக் காட்டியதாகச் சம்யுத்த நிகாயம் சொல்கிறது. 423 பாடல்கள் கொண்ட தம்மபதத்தின் இரண்டாம் அதிகாரமும் அப்பமாதத்தைப் பற்றியதே.

அசோகரின் ஒப்புதல்

இந்தத் தம்மபத அதிகாரத்தோடு அசோகரின் பெயரை இணைக்கிறது இலங்கையின் மகாவம்சம். அரியணைப் போட்டியில் அசோகரால் கொல்லப்பட்ட அண்ணன் சுமணனின் மகன் நிக்ரோதன். ஏழு வயதிலேயே துறவியான அச்சிறுவன் அடக்கத்துடன் தெருவில் நடந்து செல்வதை மன்னர் சாளரத்தின் வழியே கண்டு அழைத்தார். அவன் அப்பமாத அதிகாரத்தை உரைக்க, மன்னர் மனம் மாறினார் என்பது அந்நூல் தரும் செய்தி.

அசோகரின் கல்வெட்டுகளில் நிக்ரோதனின் பெயர் இல்லை. அவரது 13ஆம் பாறைக் கல்வெட்டு, ஆட்சியின் எட்டாம் ஆண்டில் நடந்த கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும், அதற்காக மன்னர் வருந்தியதையும் கூறுகிறது. ஆனால் சிறு பாறைக் கல்வெட்டு ஒன்றில் அவர் வேறொரு செய்தியையும் ஒப்புக்கொள்கிறார். தாம் உபாசகராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தொடக்கத்தில் ஓராண்டுக் காலம் போதிய முயற்சி எடுக்கவில்லை என்றும், சங்கத்தை நெருங்கிய பின்னரே ஊக்கத்துடன் முயன்றதாகவும் சொல்கிறார். அம்முயற்சியின் பயன் பெரியோருக்கு மட்டும் உரியதன்று, எளியோரும் அதனைப் பெறலாம் என்றும் அறிவிக்கிறார். அப்பமாதம் என்ற சொல்லை அவர் அங்கு கையாளவில்லை. எனினும், நம்பிக்கை வந்துவிட்டாலே போதாது, அதன்பின்னும் சோர்வு நேரும் என்பதை ஒரு பேரரசரே கல்லில் எழுதி வைத்திருப்பது கருதத்தக்கது.

தனிப்பண்பா, கூட்டுப்பண்பா?

பிற்கால அறிஞர்கள் மனப்பண்புகளைப் பட்டியலிட்டு ஆராய்ந்தபோது, அப்பமாதத்தை எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. வசுபந்துவின் அபிதர்மகோசம், நல்ல மனம் ஒவ்வொன்றிலும் இருக்கும் பத்துப் பண்புகளுள் ஒன்றாக இதனைக் கூறுகிறது. தேரவாத மரபு 52 மனக்கூறுகளைக் கணக்கிட்டு, அவற்றுள் 25ஐ அழகிய கூறுகள் என்கிறது. அந்த 25இல் அப்பமாதத்துக்குத் தனி இடம் இல்லை. நினைவு நீங்காதிருத்தலே அப்பமாதம் என உரையாசிரியர்கள் விளக்கினர்.

யோகாசார மரபு பதினொரு நற்பண்புகளுள் இதனையும் சேர்த்தது. ஆயினும் அசங்கரின் அபிதர்ம சமுச்சயம் இதனைத் தனித்த ஒன்றாக விளக்கவில்லை. பேராசையின்மை, வெறுப்பின்மை, மயக்கமின்மை ஆகிய மூன்றும் முயற்சியோடு சேர்ந்து, நல்லதை வளர்த்துத் தீயதிலிருந்து மனத்தைக் காக்கும்போது அதுவே அப்பிரமாதம் என்றது. இப்பதினொன்றையும் பட்டியலிடும் வசுபந்துவின் திரிம்சிகைக்கு உரை கண்டவர்களுள் ஒருவர், காஞ்சியில் பிறந்து நாளந்தாவில் புகழ்பெற்ற தருமபாலர்.

இவ்வேறுபாடு வெறும் எண்ணிக்கைச் சிக்கல் அன்று. கூட்டுப்பண்பு என்று கொண்டால், மற்ற நற்பண்புகளை விட்டுவிட்டு அப்பமாதத்தை மட்டும் தனியே பயில இயலாது. ஒருவர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் அவ்விழிப்பு பேராசைக்கோ பகைமைக்கோ துணைபோனால் அது அப்பமாதம் ஆகாது. அவ்வாறே, பிற நற்பண்புகளும் காவலின்றி நிலைக்கமாட்டா என்பதைச் சுபத்தரின் சொல்லும் அசோகரின் முதல் ஓராண்டும் காட்டுகின்றன. தலைவர் இல்லாத சங்கத்துக்குப் புத்தர் தமது இறுதி அறிவுரையாக இந்தப் பண்பைத் தெரிந்தெடுத்ததன் பொருத்தம் இங்கு விளங்கும்.