காலால் மாறும் சுருதி

ஹார்ப் என்னும் மேனாட்டு யாழில் ஒரு தந்திக்கு ஒரு ஸ்வரமே உரியது. வீணையின் மெட்டுக்களில் விரல் ஓட்டுவது போல ஒரே தந்தியில் பல ஸ்வரங்களை எழுப்ப அதில் இடமில்லை. ஆதலால், இசையின் போக்கு புதியதொரு ஸ்வரத்தை வேண்டியபோது, தந்தியைத் திரும்பவும் சுருதி கூட்டுவதே பழைய வித்துவான்களுக்குப் பெரும்பாலும் வழியாயிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டிரோல் மலைநாட்டார் வாத்தியத்தின் கழுத்தில் சிறு கொக்கிகளைப் பொருத்தினர். கொக்கியைத் திருப்பினால் தந்தியின் அதிரும் நீளம் ஏறக்குறையப் பதினெட்டில் ஒரு பங்கு குறைந்து, சுருதி அரை ஸ்வரம் உயரும். ஆயினும், திருப்புவதற்கு இடக்கையை வாசிப்பிலிருந்து எடுக்க வேண்டும். திருப்பிய பின்னும் அந்த ஒரு தந்திதான் உயருமேயன்றி, மற்ற ஸ்தாயிகளிலுள்ள அதே ஸ்வரம் பழைய நிலையிலேயே நிற்கும்.

இக்குறைக்குப் பரிகாரம் கண்டவர் டானூப் நதிக்கரையிலுள்ள டோனாவூர்த் நகரத்து யாக்கோப் ஹோக்புருக்கர் என்பது பெரும்பாலோர் கொள்கை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் அவர் கையின் வேலையைக் காலிடம் ஒப்படைத்தார். அடிப்பீடத்தில் பெடல்களை அமைத்து, உள்ளே கூடான தூணின் வழியாகக் கழுத்திலுள்ள கொக்கிகளோடு அவற்றை இணைத்து, ஒன்றை மிதித்த மாத்திரத்தில் ஒரு ஸ்வரத்தின் எல்லா ஸ்தாயித் தந்திகளும் ஒருங்கே உயரும்படி அவர் செய்த இந்த யுக்தியே, என் மதிப்பில், ஹார்ப்பின் சரித்திரம் முழுவதிலும் தலைசிறந்தது.

பாரிஸில் அரசி மரி அந்த்வானெத் இவ்வாத்தியத்தை வாசித்தமையால் பிரபுக்களின் மாளிகைகளில் அதற்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. மொசார்ட் 1778இல் புல்லாங்குழலுக்கும் ஹார்ப்புக்கும் இயற்றிய கான்செர்ட்டோவும் இந்த ஒற்றைப்படிப் பெடல் ஹார்ப்பை எண்ணியதே. ஆனால் பெடலுக்கு ஒரே படி இருந்தமையால் எட்டு மேஜர் சுருதிகளுக்குமேல் வாசிக்க இயலவில்லை. கூஸினோ என்ற பாரிஸ் நகரத்து வாத்தியச் சிற்பி பெடல்களை இருமடங்காக்கிப் பதினான்கு வைத்துப் பார்த்தார். பதினான்கைக் கால்கள் ஆள்வது எளிதன்று.

ஸ்ட்ராஸ்பர்க்கில் 1752இல் பிறந்து, பிரெஞ்சுப் புரட்சியின்போது லண்டனுக்குச் சென்ற செபாஸ்தியன் எரார் இதனைத் தீர்த்து வைத்தார். பழைய கொக்கி தந்தியை அதன் வரிசையிலிருந்து பக்கமாக இழுத்து ஒலியைக் கெடுத்ததால், அவர் அதை விலக்கி, இரு முளைகள் பதித்த சிறு வட்டத் தகட்டை வைத்தார்; தகடு சுழன்றதும் முளைகள் தந்தியை இருபுறமும் பற்றிக்கொள்ளும், தந்தியோ தன் இடத்தை விட்டு அசையாது. இதற்கு 1794இல் காப்புரிமை பெற்ற அவர், 1810இல் ஒவ்வொரு தந்திக்கும் இரு தகடுகளையும், ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலைகளையும் வகுத்தார். பெடல் மேலே நிற்க ஃபிளாட் என்னும் அரை ஸ்வரம் தாழ்ந்த நிலை, நடுக்காடியில் இயல்பான ஸ்வரம், அடிக்காடியில் ஷார்ப் என்னும் அரை ஸ்வரம் உயர்ந்த நிலை. வாத்தியம் ஸி-ஃபிளாட் மேஜரில் சுருதி கூட்டப்படும். ஏழு பெடல்களைக் கொண்டே எல்லாச் சுருதிகளையும் வாசிக்க இவ்வாறு வழி பிறந்தது.

பின்னாளில் பிளேயல் நிறுவனம் பெடலே வேண்டாமென்று தந்திகளைப் பெருக்கியதொரு ஹார்ப்பைச் செய்தது. 1904இல் தெபுஸ்ஸி அதற்கென இசை இயற்றியும் அது நிலைக்கவில்லை. இன்று மேடைகளில் ஒலிக்கும் 47 தந்தி ஹார்ப் எராரின் இரட்டைப்படி அமைப்பையே பின்பற்றுகிறது.