உப்பு, மெழுகு, நாற்றம்

மேல்நாட்டு உணவகங்கள் சிலவற்றில் மீனைத் தேன்மெழுகில் பொதிந்து, குளிர்பெட்டியில் நாள்கணக்கில் வைத்து, 'முதிர'விட்டுப் பரிமாறுகிறார்கள். இதைப் படித்தபோது அரியலூர்ச் சந்தையின் கருவாட்டு வரிசைதான் எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே 'முதிர்ச்சி', இங்கே 'நாத்தம்'. பெயர் வைக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

மெழுகு காற்றை மறிக்கும், கிருமியைக் கொல்லாது. காற்றில்லாத இடத்திலேயே வளர்ந்து நஞ்சு கக்கும் பொட்டுலினம் கிருமி மீனில் இருக்கக்கூடும். ஆகவே மெழுகிட்ட மீனை 3 டிகிரிக்கு மேல் ஏறவிடக் கூடாது. மெழுகு வெறும் உறை. காவல் காப்பது மின்சாரம். உப்பு அப்படியல்ல. மீனின் ஈரத்தை இழுத்து, கிருமி பெருக வழியில்லாமல் செய்துவிடும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். கடலில்லாத பெரம்பலூர், அரியலூர்க் கொல்லைக்காட்டுக் கூலிச் சனங்களுக்குக் கடல்மீன் வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

அந்த உப்பைச் சென்னை மாகாணத்தில் கும்பெனி 1805இல் தன் ஏகபோகமாக்கியது. வரி ஏறிய உப்பை மீனுக்குப் போடக் கட்டுப்படியாகாது. கரையில் உப்பு மண்ணைச் சுரண்டினாலோ குற்றம். ராணுவ மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே, கடல்மீன்கள் பற்றிய தன் 1873 அறிக்கையில் இந்த நெருக்கடியைப் பதிவு செய்தார். பிறகு அரசு மீன் பதனிடும் கொட்டில்களைத் திறந்தது. வேலிக்குள், உப்பு இலாகா ஆளின் கண்முன்னால், சலுகை விலையில் உப்பு. ஆனால் அதை வெளியே கொண்டுபோகக் கூடாது. கருணையும் கண்காணிப்பும் ஒரே வேலிக்குள்!

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். எங்கள் ஊர்கள் அப்போது திருச்சி ஜில்லா. 1947இல் உப்பு வரியும் போயிற்று. நான் படித்த பாடப்புத்தகத்தில் அந்த நடை இருந்தது. மீன் கொட்டில் இல்லை. கையில் அள்ளிய உப்பு தேசமாயிற்று. அதே உப்பு மீனில் ஏறியதும் தீட்டாயிற்று.

எம்.ஏ. வகுப்பில் நற்றிணை 45ஆம் பாட்டு நடந்தது. அறுத்துக் காயவைத்த சுறாவைத் தின்ன வரும் பறவைகளை விரட்டுகிற பெண்கள். தேர்க்காரச் செல்வன் ஒருவன் வந்து நிற்கிறான். எங்கள் மேல் புலால் வீசும், தள்ளிப் போ என்கிறாள் தோழி. 'சேட்படுத்தல்' என்று துறை சொல்லி ஐயா அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். எனக்கோ விடுதி அறை ஞாபகம். அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலிப் பொட்டலத்தை, மற்ற பையன்கள் வருவதற்குள் நானே வெளியே வீசிவிட்டு வந்திருந்தேன்.

தோழி அந்த வாடையைச் சொல்லியே செல்வனைத் தள்ளி நிறுத்தினாள். நான் என்னையே தள்ளி நிறுத்திக்கொண்டேன். இடையில் அது எப்போது, யாரால் வெட்கமாக்கப்பட்டது? பதிலில் பாதி உப்பு இலாகாக் காகிதங்களில் கிடக்கலாம். மீதி சந்தையில் கூறு கட்டி உட்கார்ந்திருக்கிற கிழவிகளிடம் இருக்கிறது. அவர்களிடம் போய்க் கேட்டு எழுத வேண்டும், மூக்கைப் பொத்தாமல்.