காடு யாருக்குச் சொந்தம்?

யால, வில்பத்து, சிங்கராஜ வனம் என்னும் பெயர்களை அறியாத மாணவர் எமது நாட்டில் இல்லை. மான் வேட்டைக்குச் சென்ற தேவநம்பிய தீசன் மிகுந்தலைக் குன்றிலே மகிந்த தேரரைச் சந்தித்த கதையைக் கூறி, வனவிலங்குகளுக்கு உலகில் முதன்முதல் அபயமளித்த நாடு எமதே என்று நாம் பெருமைப்படுவதும் உண்டு. பழம்பெருமை இருக்கட்டும். இன்று காடுகளைக் காத்து நிற்கும் சட்டம் எவர் நலனுக்காகப் பிறந்தது என்னும் கேள்விக்கு அக்கதையில் விடையில்லை. விடை பத்தொன்பதாம் நூற்றாண்டின் காணிச் சரித்திரத்திலே கிடக்கிறது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து நாம் தொடங்க வேண்டும். காடு, தரிசு, குடியற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்று அச்சட்டம் கூறிற்று. கண்டிநாட்டுக் குடியானவன் தலைமுறை தலைமுறையாக அக்காட்டிலே சேனை செய்தான், மாடு மேய்த்தான், விறகும் தேனும் மூலிகையும் எடுத்தான். ஆனால் அவனிடம் உறுதி ஏது? உறுதியில்லாதவனின் காடு அரசின் உடைமையாயிற்று. அந்நிலத்தை அரசு ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்குத் தோட்டத் துரைமாருக்கு விற்றது. வாங்கியோரில் அரசாங்க உயர் உத்தியோகத்தரும் இருந்தனர். மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக வெட்டி எரிக்கப்பட்டன. தோட்டங்களில் உழைப்பதற்கெனத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஏழைகள் கால்நடையாகக் கொண்டுவரப்பட்டனர். காட்டை இழந்தவனும் ஏழை. அந்த மண்ணில் உழைத்து மடிந்தவனும் ஏழை. ஆதாயம் அடைந்தவன் மட்டும் வேறொருவன்.

விலங்குகளின் கதியும் இதுவே. யானை கொல்வோருக்கு அரசாங்கமே வெகுமதி அளித்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக, அன்றைய குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ற் எழுதி வைத்துள்ளார்.

அழித்தவர்களே பின்னர் அஞ்சத் தொடங்கினர். 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் அதிபர் யோசேப்பு ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைக் காக்க வேண்டுமென வற்புறுத்தினார். உச்சிக்காடு அழிந்தால் மண் கரையும், ஆற்றூற்று வற்றும் என்னும் உண்மை அரசின் காதில் விழுந்தது. 1885இல் காட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் அக்காலத்து அதிகாரிகளின் கண்ணுக்குக் காட்டின் பெரும் பகைவனாகத் தோன்றியவன் சேனைக்காரன்தான். மலைமலையாக மொட்டையடித்த தோட்டக்காரன் அல்லன்.

1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. வேட்டைப் பிரியர்களே அதில் முன்னின்றனர். 1900இல் யாலக் காடு ஒதுக்கப்பட்டது. அதையடுத்து அவர்கள் வேட்டையாடுவதற்கென்றே ஒரு பிரதேசமும் ஒதுக்கப்பட்டிருந்தது. துரை சுட்டால் விளையாட்டு, கிராமத்தான் சுட்டால் களவு என்பதே அன்றைய நீதி.

எனினும் சரித்திரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அரசாங்க சபையின் காலத்திலே, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டில் யாலவும் வில்பத்தும் தேசிய வனங்களாயின. அங்கே வேட்டைக்கு இடமில்லை. பொதுமக்கள் சென்று காணவும் கற்கவும் இடமுண்டு. காடு ஒருசிலரின் பொழுதுபோக்கு அன்று, மக்களின் பொதுச்சொத்து என்னும் கொள்கை சட்டத்தில் ஏறியது. இது சிறிய வெற்றியன்று.

அக்கொள்கையைச் சுதந்திர நாட்டின் அரசே மீறவும் துணிந்தது. 1968இல் சிங்கராஜ வனத்தின் மரங்களை ஒட்டுப்பலகைத் தொழிலுக்கு வெட்டத் தீர்மானிக்கப்பட்டது. எழுபதுகளில் இயந்திரங்கள் உள்ளே புகுந்தன. விஞ்ஞானிகளும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். அக்குரல் நாடெங்கும் பரவிற்று. 1977இல் வெட்டுதல் நின்றது. 1988இல் தனிச்சட்டம் ஒன்றின்கீழ் அது தேசிய மரபுரிமைக் காடாயிற்று. அவ்வாண்டே உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. சட்டத்தைச் சட்டமாக நிற்கச் செய்தது மக்களின் விழிப்பே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் தகாது. 1983இல் மதுரு ஓயா தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது, அக்காட்டிலே காலங்காலமாக வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் மக்கள் தம் சொந்த நிலத்திலேயே குற்றவாளிகள் ஆயினர். குடியேற்றத் திட்டக் கிராமங்களுக்குப் பலர் போயினர். தம்பானையின் முதுபெருந் தலைவர் திசாகாமி போக மறுத்தார். காட்டைத் தம் உயிரெனக் காத்தவர்களைக் காட்டின் பகைவராக்கிய சட்டம் எவ்வகை நீதி?

மன்னாரிலும் இக்கேள்வி எழுந்தது. 1990இல் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள், 2009இல் போர் முடிந்த பின்னர் திரும்பினர். அவர்களுடைய காணிகளில் அதற்குள் காடு வளர்ந்திருந்தது. 2012இல் வில்பத்துக்கு வடக்கேயுள்ள நிலப்பரப்பு ஒதுக்குக் காடென வர்த்தமானியில் ஏறியது. தம் வயலும் வளவும் அதற்குள் அகப்பட்டன என்று அம்மக்கள் முறையிட்டனர். மீள்குடியேற்றத்தின் பெயரால் காடு அழிக்கப்படுகிறது என மறுசாரார் வாதித்தனர். இரண்டும் புறக்கணிக்கத்தக்க வாதங்கள் அல்ல. எது பழைய வயல், எது பழங்காடு என்பதைக் கொழும்பிலுள்ள வரைபடம் மட்டும் தீர்த்துவிட முடியாது. ஊரவரை வைத்துக்கொண்டு, நிலத்திலே நடந்து பார்த்தே தீர்க்க வேண்டும்.

காட்டைக் காக்கும் சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது இல்லாவிடின் எஞ்சிய காட்டையும் இலாப வேட்டைக்காரர் விழுங்கிவிடுவர். ஆனால் 1840இன் நியாயத்தை, உறுதியில்லாதவனுக்கு உரிமையும் இல்லை என்னும் அந்த நியாயத்தை, இன்றைய பாதுகாப்புச் சட்டம் சுமந்து திரிய வேண்டியதில்லை. எல்லை வகுக்கும்போது காட்டோரத்து மக்களைக் கேட்க வேண்டும்; காவலிலும் பயனிலும் அவர்களுக்குப் பங்களிக்க வேண்டும். மாணவரை யாலவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், யானையையும் மயிலையும் காட்டுவதோடு நில்லாது, இந்தக் காணிச் சரித்திரத்தையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.